கிரேக்கத்திலிருந்து ஏழு கடிதங்கள்

அத்தியாயம் ஐந்து

"அண்ணை, எனக்கு ஒரு வரைபடம் கீறித் தாங்கோ," என்றாள் மொனிகா.

அவள் கேட்ட இடம் பலேர்மோ நகரத்தின் ஒரேத்தோ பகுதியில், ஆறு மாடிக் கட்டடம் ஒன்றின் வாசலோடு ஒட்டிய கண்ணாடி அறை. கேட்கப்பட்டவர் அந்தக் கட்டடத்தின் வாயிற்காவலர் சூசைதாசன். முந்திய அத்தியாயங்களை பஸ்ஸில் தவறவிட்டுவிட்டு வந்திருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை: சூசைதாசன் மன்னார், பேசாலையில் மீன் பிடித்தவர். வயது நாற்பத்தாறு. இந்தக் கண்ணாடி அறையில் உட்கார்ந்து ஆறு மாடிகளின் தபாலையும் பிரித்துக் கொடுத்தபடியே, ஊர்ச்சனத்தின் காணாமல் போன கடவுச்சீட்டிலிருந்து காணாமல் போன மாப்பிள்ளை வரை கண்டுபிடித்துக் கொடுப்பவர். கூலி வாங்க மாட்டார். ஆனால் பாராட்டு வாங்காமல் விடமாட்டார். கதிரையில் சாய்ந்து, துப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, கடைசியில் ஆளைச் சொல்லும்போது எதிரில் இருப்பவர் வாய் பிளக்க வேண்டும். அந்த நேரம் வரும்வரை அவர் வாயிலிருந்து ஒரு சொல் கிளம்பாது.

"எந்த ஊருக்குப் பிள்ளை வரைபடம்?"

"ஸ்கலோபெத்ரா. கிரேக்கத்திலை."

"அக்கா, இந்த மனிசன் போன கிழமை தபால் கந்தோருக்கே வழி மாறிப் போனவர்," என்றான் கிறிகோரி. "இவரின்ரை வரைபடத்தை நம்பினியள் எண்டால் நேரை எகிப்துதான்."

கிறிகோரி, துப்பறிவாளரின் உதவியாளன். போர்கோ வெக்கியோவில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறவன். வேலைக்குப் போகும்வரை காலைகளில் இந்த அறையின் ஜன்னலோரத்தில் தொற்றிக்கொண்டு வாயடிப்பது அவனுக்குத் தினசரிக் கடமை. அவன் பகிடி விடாத நாளில் சூசைதாசனுக்குக் காய்ச்சலோ என்று சந்தேகம் வரும். தம்பி இல்லாத அவருக்கு அவன்தான் தம்பி.

மொனிகா சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து ஏழு கடிதங்களை எடுத்து மேசையில் அடுக்கினாள். மூன்றாம் மாடிக்கு அந்த ஊரிலிருந்து அடிக்கடி தபால் வருகிறதென்று மாக்கிரட் அக்கா ஒருநாள் சொன்னாராம். அதனால்தான் இங்கே வந்திருக்கிறாள். மாக்கிரட் என்பது சூசைதாசனின் மனைவி.

கதை இதுதான். மொனிகாவின் கணவன் அலோசியஸ் இரண்டு வருடங்களுக்கு முன்பு, தொண்ணூற்றைந்தில், அவளிடம் வருவதற்காக மன்னாரிலிருந்து புறப்பட்டான். கிரேக்கம் வரை வந்து அங்கே மாட்டிக்கொண்டான். பத்திரம் இல்லை. ஸ்கலோபெத்ரா என்ற சின்னக் கடலோரக் கிராமத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் ஒளிந்து வேலை செய்கிறான். சில மாதங்களுக்கு ஒருமுறை கடிதம் போடுவான். இருக்கும் அறை அடிக்கடி மாறுவதால் பதில் போட வேண்டாம் என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருந்தான்.

"கையெழுத்து அவருடையதுதானே?" என்று கேட்டார் சூசைதாசன்.

"ஓம் அண்ணை. என்னைப் பொம்பிளை பாத்திட்டுப் போன நாளிலையிருந்து இந்த எழுத்தைப் பாக்கிறன். கண்ணை மூடிக்கொண்டும் சொல்லுவன்." ஏழாவது கடிதத்தைத் தனியாக நகர்த்தினாள். "இது இந்தத் திங்கள் வந்தது. ஞாயிறு இரவு பெட்டியைப் பாத்தனான், ஒண்டுமில்லை. திங்கள் பின்னேரம் வேலையாலை வர உள்ளை கிடந்தது. நெஞ்சு நோவாம். இனிக் காயிதம் வராட்டில் யோசிக்க வேண்டாமாம். நான் சனிக்கிழமை வெளிக்கிடுறன். அந்த ஊரிலை மூண்டு கடற்கரை இருக்காம். அவர் எந்தக் கடற்கரையிலை நிக்கிறார் எண்டு எழுதேல்லை. நீங்கள் வாசிச்சுப்போட்டு, எந்தக் கடற்கரை எண்டு ஒரு வரைபடம் கீறித் தாங்கோ. மூண்டிலையும் தேடித் திரிய எனக்கு நாள் காணாது."

"உன்ரை பெர்மெஸ்ஸோ?"

"புதுப்பிக்கக் குடுத்திருக்கு. துண்டுதான் கையிலை."

அந்தத் துண்டு என்ன என்பது பலேர்மோவில் இருக்கும் எங்கள் சனம் ஒவ்வொருவருக்கும் தெரியும். பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்ததற்கு குவெஸ்தூராவில், அதாவது பொலிஸ் தலைமையகத்தில், எழுதித் தரும் பற்றுச்சீட்டு. அதை வைத்துக்கொண்டு இத்தாலிக்குள் இருக்கலாம். எல்லையைத் தாண்டினால் திரும்பி உள்ளே வர விடமாட்டார்கள். ஆறு வருடம் வீடு துடைத்துச் சேர்த்த வாழ்க்கையை அவள் கப்பல் ஏறி முடித்துக்கொள்ளப் போகிறாள்.

"போகாதேங்கோ அக்கா," என்றான் கிறிகோரி. அவன் குரலில் பகிடி இல்லாமல் சூசைதாசன் கேட்டது அதுதான் முதல் தடவை. "சொல்லுறதைக் கேளுங்கோ. போகாதேங்கோ."

"நான் போகாமல் ஆர் தம்பி போறது? அவருக்கு அங்கை ஆர் இருக்கினம்?"

"நாலு மணிக்கு வா பிள்ளை," என்றார் சூசைதாசன். "மறுமொழி சொல்லுறன்."

"வாறன். அதுக்கிடையிலை எனக்கும் ஒரு அலுவல் இருக்கு."

என்ன அலுவல் என்று அவர் கேட்கவில்லை. முதல் கடிதத்தைப் பிரித்து மூக்குக்கண்ணாடியை மாட்டியிருந்தார்.

அலோசியஸ் நன்றாகவே எழுதினான். முதல் கடற்கரை முழுக்கக் கூழாங்கல், வெறுங்காலில் நடக்க முடியாது. இரண்டாவதில் பெரிய மரம் ஒன்று நிற்கிறது, அதன் கிளையில் சின்னப் பிள்ளைகளுக்கு ஊஞ்சல் கட்டியிருக்கிறார்கள், தினமும் வேலை முடிந்து அதன் கீழேதான் இருப்பான். மூன்றாவதற்குப் பாதை இல்லை, தோணியில்தான் போக வேண்டும். வெள்ளைச் சுவரும் நீலக் கதவும் உள்ள சிறிய கோயில். கடையில் பொரிக்கும் கணவாய். மொனிகா வந்ததும் மூன்றாவது கடற்கரைக்குக் கூட்டிப்போவதாக ஒவ்வொரு கடிதத்திலும் சத்தியம் செய்திருந்தான்.

நான்காவது கடிதத்தில் சூசைதாசனின் விரல் ஒரு வரியில் நின்றது. சத்தமாக வாசித்தார்.

"'விடியப்புறம் கடல் வத்தேக்கை அரைக் கட்டை தூரம் தண்ணி இல்லாமல் நடந்து போகலாம். பிள்ளையள் சேத்துக்கை நண்டு தோண்டுங்கள். மத்தியானப் பெருக்குக்குத் தண்ணி திரும்பி மதிலடிக்கு வந்திடும். அதைப் பாக்க எங்கடை ஊர் நினைவுதான் வருது.'"

"நல்ல காலம், எங்கடை முதலாளியின்ரை காதிலை விழேல்லை. நண்டு சும்மா கிடக்குது எண்டால் கடையைப் பூட்டிப்போட்டு கிரேக்கத்துக்கு ஓடியிருப்பான்," என்றான் கிறிகோரி.

சூசைதாசன் சிரிக்கவில்லை. பலேர்மோவுக்கு வந்த முதல் மாதத்தில் அவர் செய்த ஒரு வேலை யாருக்கும் தெரியாது. வேலை கிடைக்காத நாட்களில் கால்சாவின் கடலோரத்தில் போய் நின்று, கடல் எப்போது வற்றும் என்று காத்திருந்தார். வற்றினால் மட்டி பொறுக்கலாம், நண்டு பிடிக்கலாம், சமையலுக்கு ஆகும். காலையில் நின்றார், மதியம் நின்றார், மறுநாளும் நின்றார். தண்ணீர் சுவரில் போட்ட கோட்டை விட்டு ஒரு சாணும் இறங்கவில்லை. கடைசியில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த இத்தாலியன் ஒருவனிடம் கேட்டபோது அவன் வயிறு குலுங்கச் சிரித்தான். இந்தக் கடலுக்கு அந்த வழக்கம் இல்லை. மன்னாரில் வற்றுப்பெருக்கு இல்லாத கடலை நினைத்துப் பார்க்கவே முடியாது. அங்கே பிறந்தவனுக்குக் கடல் என்றால் வற்றத்தான் வேண்டும். கிரேக்கக் கடலைப் பார்க்காமலே அதைப் பற்றி எழுத உட்கார்ந்தவன், ஜன்னலால் எட்டித் தன் கடலைப் பார்த்து எழுதிவிட்டான். மொனிகாவுக்கு அது படவில்லை. ஆறு வருடமாக அவள் பலேர்மோவில் பார்த்தது அடுத்தவர் வீட்டுத் தரையை. ஒரு கடற்கரையில் காலையிலிருந்து மத்தியானம் வரை உட்கார அவளுக்கு எங்கே நேரம்?

அலோசியஸ் மன்னாரை விட்டுப் புறப்படவே இல்லை.

சுவர்க்கடிகாரம் பத்தரை காட்டியது. மொனிகா இன்னும் பஸ் தரிப்பில்தான் நின்றிருப்பாள். எழுந்து ஓடியிருக்கலாம். ஆனால் மன்னாரில் எழுதிய கடிதத்துக்கு கிரேக்க முத்திரை எப்படி வந்தது? அது தெரியாமல் சொன்னால் பாதிக் கதைதான். பாதிக் கதை சொல்லும் பழக்கம் சூசைதாசனுக்கு இல்லை. நாலு மணிக்கு முழுவதையும் அடுக்கிச் சொல்லலாம் என்று உட்கார்ந்துவிட்டார்.

உறைகளை வெளிச்சத்தில் பிடித்தார். தபாலில் வரும் உறையில் கந்தோர்ச் சீல் பாதி, ஒட்டிய முத்திரையிலும் பாதி உறையிலும் விழும். பதினொரு வருடமாகத் தினமும் பார்க்கிறார். இந்த ஏழிலும் முத்திரையில் இருந்த அரைவட்டம் ஓரத்தோடு நின்றிருந்தது. மீதி அரைவட்டத்தை யாரோ கறுத்தப் பேனையால் உறையில் கீறியிருந்தார்கள். ஐந்தாவது உறையில் அது வட்டமாகவே இல்லை.

"அந்தத் தபால்காரன் வெறியிலை குத்தியிருப்பான்," என்றான் கிறிகோரி.

"ஆருடைய வெறியெண்டு பாப்பம். வா மேலை."

பாவித்த கிரேக்க முத்திரை பலேர்மோவில் எங்கே கிடைக்கும்? அவர் கண் ஜன்னல் தட்டில் இருந்த பிஸ்கட் டின்னில் போய் நின்றது. வெளிநாட்டுப் பழைய முத்திரைகளைச் சேர்த்துத் தந்தால் மிஷன் பணிக்கு ஆகும் என்று பங்குக்கோயிலில் கேட்டிருந்தார்கள். கட்டடத்தில் யாருக்கு வெளிநாட்டுத் தபால் வந்தாலும் உறைகள் அந்த டின்னுக்கு வந்துவிடும்.

மூன்றாம் மாடி சிஞ்ஞோரா விட்டோரியா ஓய்வு பெற்ற பள்ளி அதிபர். அவருடைய மகள் ஸ்கலோபெத்ராவில் ஒரு கிரேக்கனைக் கல்யாணம் செய்து, சுற்றுலாக்காரருக்கு அறை வாடகைக்கு விடுகிறாள். சூசை என்றால் யோசேப்பு என்று தெரிந்த நாளிலிருந்து சிஞ்ஞோரா அவரை ஜுசெப்பே என்றுதான் கூப்பிடுவார்.

"ஸ்கலோபெத்ராவா? உட்காருங்கள் ஜுசெப்பே! நீயும் உட்கார், ஜன்னல் பையா." படத் தொகுப்பு மேசைக்கு வந்தது. "நாற்பது வீடு, ஒரு கோயில், மூன்று கடற்கரை. இது கல் கடற்கரை. இது இரண்டாவது. மூன்றாவதற்குப் படகில்தான் போக வேண்டும். என் முழங்காலுக்கு அது சரிப்படாது."

"காலையில் கடல் உள்ளே போகுமா சிஞ்ஞோரா?"

"எங்கே போகும்? என் பேத்தி மணல் வீடு கட்டினால் நாங்கள் ஊருக்குத் திரும்பும்வரை அது அங்கேயே இருக்கும்."

"இரண்டாவது கடற்கரையில் ஒரு பெரிய மரம், ஊஞ்சல்..."

சிஞ்ஞோராவின் முகம் வாடியது. "அதை யார் சொன்னது? தொண்ணூற்று நான்கு குளிர்காலத்துப் புயலில் அது வேரோடு சாய்ந்துவிட்டது. மகள் தொலைபேசியில் அழுதாள். ஊர்க் கடைக்காரன் மட்டும் பழைய தபாலட்டைகளையே இன்னும் விற்கிறான். மரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அட்டையில்தான் பார்க்கலாம்."

தொண்ணூற்றைந்தில் புறப்பட்ட அலோசியஸ், தொண்ணூற்று நான்கில் விழுந்த மரத்தின் கீழே தினமும் உட்கார்ந்திருக்கிறான். யாரோ அவனுக்கு அட்டைகளை அனுப்பியிருக்கிறார்கள்.

"அந்த அட்டைகள் உங்களிடம் இருக்கிறதா?"

"நான் எதற்கு வைத்திருக்கப்போகிறேன்? அட்டை, உறை எல்லாவற்றையும் உங்கள் மனைவியிடம்தானே கொடுக்கிறேன், முத்திரைக்காக. கேட்டுப் பாருங்கள். மாக்கிரட் எதையும் எறிய மாட்டாள்."

சூசைதாசன் படிகளில் இறங்கத் தொடங்கினார். மாக்கிரட். கட்டிப் பதினெட்டு வருடம். அவள் தலைமன்னார்க்காரி. அலோசியஸ் அவளுக்கு மச்சான் முறை. வீட்டில் ஒருநாளும் அவன் பெயரை எடுத்ததில்லை. இப்போது அதுவே குற்றமாகப் பட்டது. நேற்று இரவு எதிரில் இருந்து சோறு போட்டவள், இரண்டு வருடமாக மொனிகாவின் தலையில் கல்லைப் போட்டுக்கொண்டிருந்தாளா? கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பின்னால் வந்த கிறிகோரி தோளில் கை வைத்தான். "அண்ணை, மாக்கிரட் அக்காவிட்டை ஒண்டும் கேக்காதேங்கோ. இரக்கப்பட்டுப் பொம்பிளையள் சில அலுவல் செய்துபோடுவினம். நீங்கள் கேட்டால் வீடு குழம்பிப்போம். விடுங்கோ. மொனிகா அக்காவைப் போகாமல் மறிச்சால் காணும்."

எவ்வளவு நல்ல பொடியன் என்று சூசைதாசனுக்குக் கண் கலங்கியது. இதை நினைத்து அவர் பின்னால் பல நாள் தன்னையே திட்டிக்கொண்டார்.

அறைக்கு வந்து கதிரையில் விழுந்தார். ஏழு உறைகளும் மேசையில் கிடந்தன. கடைசி உறையை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். ஞாயிறு இரவு இல்லை. திங்கள் பின்னேரம் இருந்தது. மொனிகா சொன்னது அதுதானே? திங்கட்கிழமை. கட்டடத்துக் குறிப்புப் புத்தகத்தைத் திறக்கவும் தேவைப்படவில்லை. திங்கட்கிழமை தபால்காரர்கள் வேலைநிறுத்தம். பலேர்மோ முழுவதும் ஒரு கடிதம் நகரவில்லை. தபால் எங்கே என்று ஆறாம் மாடி வக்கீல் அவர்மேல் பாய்ந்த பாய்ச்சல் இன்னும் காதில் நின்றது.

தபாலே ஓடாத நாளில் யாரோ கால்சாவில் மொனிகா இருக்கும் வீட்டுக்கு நடந்து போய்ப் பெட்டியில் போட்டிருக்கிறார்கள். மாக்கிரட்டா? திங்கட்கிழமைகளில் அவள் பொலித்தியாமா பக்கத்து வீடொன்றில் காலை ஏழிலிருந்து இரவு எட்டு வரை வேலையில் நிற்பாள். அன்று மதியம் அந்த வீட்டுத் தொலைபேசியில் அவளோடு அவர் இரண்டு தடவை கதைத்திருந்தார்.

திங்கட்கிழமை யாருக்கு ஓய்வு? உணவகங்களுக்கு. மாக்கிரட் நிரப்பும் டின்னை மாதாமாதம் கோயிலுக்குக் கொண்டுபோவது யார்? கண்ணுக்கு முன்னால் இருந்தவன் இத்தனை நேரமும் கண்ணில் படவில்லை.

"திங்கள் மத்தியானம் எங்கை நிண்டனீ?"

"நித்திரை. கனவிலை வேணுமெண்டால் கிரேக்கம் போயிருப்பன்..." பாதியில் நின்றது. சூசைதாசன் பிஸ்கட் டின்னை எடுத்து மூடியைத் திறந்து அவன் முன்னால் வைத்தார். யப்பான் முத்திரை இருந்தது, கனடா இருந்தது. கிரேக்கம் ஒன்றுமில்லை.

கிறிகோரி ஜன்னலிலிருந்து இறங்கினான். நிற்கத் தெரியாதவன் போலத் தரையில் குந்தினான்.

"என்ரை தங்கச்சி அண்ணை," என்றான். "றஜிதா. அவளின்ரை மனிசனைப் பிடிச்சுக்கொண்டு போனவங்கள், பிறகு வரேல்லை. அலோசியஸ் வெளிக்கிட முதல் எங்கடை வீட்டிலை ரண்டு கிழமை தங்கினவர். அப்பிடியே தங்கிவிட்டார். இப்ப ஒரு பிள்ளை. மொனிகா அக்கா அறிஞ்சால் கோயிலுக்கு எழுதுவா. சாமியார் விடுவாரோ? தாலி கட்டினவளிட்டைப் போ எண்டு அவரைக் கலைப்பார். அவள் ரண்டாந் தரமும் தெருவிலை நிப்பாள். அவர் எழுதித் தங்கச்சியின்ரை காயிதத்துக்குள்ளை வைச்சு அனுப்புவார். நான் முத்திரையை ஒட்டிப்போட்டு..."

"ஊர்ச்சனம் ஒருத்தரும் மொனிகாவுக்கு எழுதேல்லையோ?"

"அக்காவின்ரை ஆக்கள் முழுக்கப் பெருநிலத்திலை இடம்பெயர்ந்து இருக்கினம். மன்னார்த் தீவுக் கதை அங்கை போகாது."

"நெஞ்சு நோ எண்டு எழுதினது?"

"அதோடை காயிதத்தை நிப்பாட்டுற பிளான். அவ வெளிக்கிடுவா எண்டு ஆர் கண்டது?" அவன் சூசைதாசனின் முழங்காலைப் பிடித்தான். "செத்துப்போனார் எண்டு சொல்லுவம் அண்ணை. அழுதிட்டு ஆறிப்போவா. பயணமும் நிண்டிடும். தங்கச்சியும் தப்புவாள். உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்சால் காணும்."

சூசைதாசன் காலை இழுத்துக்கொண்டார். தங்கைக்காகச் செய்தான் என்பது விளங்கியது. அதை ஒருநாள் மன்னிக்கவும் கூடும். ஆனால் படிக்கட்டில் அந்தக் கை தோளில் இருந்தது.

"நீ என்ரை பெண்சாதியைப் பிழையாய் நினைக்க விட்டனீ," என்றார். "அவள் எண்டு நான் நம்பினதைப் பாத்துக்கொண்டு, எனக்கு ஆறுதலும் சொன்னனீ. உனக்கு இந்த வீட்டிலை அவள் எத்தினை நாள் சோறு போட்டிருப்பாள்?"

இருவரும் நாலு மணிவரை அந்தச் சின்ன அறைக்குள் இருந்தார்கள்.

நாலு மணிக்கு மொனிகா வந்தாள். தலை வாரி, நல்ல சட்டை போட்டிருந்தாள். "எந்தக் கடற்கரை அண்ணை?" என்று கேட்டபடியேதான் உள்ளே வந்தாள்.

சூசைதாசன் கதிரையில் சாய்ந்தார். சாய்ந்து பழகியவர். "பிள்ளை, முதலிலை நான் கவனிச்சது நாலாவது காயிதம்..." என்று தொடங்கினார். அவள் முகத்தில் இருந்த ஆவலைப் பார்த்ததும் அத்தோடு நிறுத்திவிட்டார். இந்த முகம் வாய் பிளந்து தன்னைப் பாராட்ட வேண்டுமென்றா காலையிலிருந்து காத்திருந்தார்? அவருக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

"கிறிகோரி," என்றார். "நீ சொல்லு."

கிறிகோரி சொன்னான். எதையும் ஒளிக்கவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு, தங்கச்சியின் பெயரையும் பிள்ளையின் வயதையும் சொன்னான். மொனிகா நின்றபடியே கேட்டாள். இடையில் ஒரு தடவை கையை நீட்டி மேசையைப் பிடித்துக்கொண்டாள். அவன் முடித்த பிறகும் அழவில்லை. கிறிகோரியை விட்டுவிட்டு சூசைதாசனைப் பார்த்தாள்.

"உங்களுக்கு எப்ப தெரியும் அண்ணை?"

"இப்பதான் முழுக்க..."

"அவர் அங்கை இல்லை எண்டது எப்ப தெரியும்?"

பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. "பத்தரை இருக்கும்."

"பத்தரை." அவள் அதை மெதுவாகச் சொன்னாள். "நான் பஸ்ஸுக்கு நிண்டிருப்பன். பன்னிரண்டு மணிக்கு நான் வேலை செய்யிற வீட்டுச் சிஞ்ஞோராவிட்டைப் போய் வேலையை விட்டிட்டன் அண்ணை. ஆறு வருஷம் நிண்ட வீடு, சொல்லாமல் போகக்கூடாது எண்டு போய்ச் சொன்னனான். அவ கோவத்திலை உடனையே தொலைபேசி எடுத்து வேறை ஆளைக் கேட்டுப்போட்டா. திங்கள் தொடக்கம் புதுப்பிள்ளை வாறாளாம். பெர்மெஸ்ஸோவுக்குக் குடுத்த வேலைக் கடிதத்தையும் திருப்பி எடுக்கப்போறன் எண்டா. பத்தரைக்குச் சொல்லியிருந்தால் எனக்குப் புருஷன் மட்டும்தான் இல்லாமல் போயிருப்பார்."

சூசைதாசன் எழுந்தார். "என்னிலைதான் பிழை, பிள்ளை. வா, இப்பவே போவம். நான் உங்கடை சிஞ்ஞோராவிட்டை நடந்ததை நடந்தபடி சொல்லுறன்."

"நீங்கள் வேண்டாம்." அதில் கோபம்கூட இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "நீங்கள் முதலாம் காயிதத்திலை தொடங்கி ஏழாவதுக்கு வர அவ கதவைச் சாத்திப்போடுவா. உண்மையைக் கேட்டு அங்கை ஒருத்தரும் வேலை தரமாட்டினம்."

அவள் கிறிகோரியின் பக்கம் திரும்பினாள்.

"எழும்பு."

அவன் எழுந்தான்.

"மொத்தொரீனோவை எடு. என்ரை புருஷன் செத்துப்போனார் எண்டு சிஞ்ஞோராவுக்குச் சொல்லு. காலமை செய்தி வந்தது, விசர் பிடிச்சமாதிரி வேலையை விட்டிட்டா, இப்ப போக ஒரு இடமும் இல்லை எண்டு சொல்லு. உனக்கு இத்தாலி பாஷை நல்லா வரும். அழவும் செய்."

"அக்கா, நான் எப்பிடி..."

"ரண்டு வருஷம் எனக்குச் சொன்னனீ. அவவுக்குப் பத்து நிமிஷம் சொல்லமாட்டியோ?"

கிறிகோரி வாசலைத் தாண்டி வெளியே போனான். மொனிகா அவன் பின்னால் போனாள். மொத்தொரீனோ, கிறிகோரியின் சின்ன ஸ்கூட்டர், இரண்டு தடவை இருமிவிட்டுக் கிளம்பியது. அவள் பின் இருக்கையில், அவன்மேல் படாமல், இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சூசைதாசன் நடைபாதை வரை ஓடிப்போய் நின்றார். கூப்பிட வாயைத் திறந்தார். இரண்டு பேரில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மொத்தொரீனோ வளைவில் திரும்பி மறைந்தது. அவள் கடிதங்களை எடுத்துப்போகவில்லை என்பது உள்ளே வந்த பிறகுதான் தெரிந்தது. மூன்றாம் மாடிப் படியிலிருந்து சிஞ்ஞோரா விட்டோரியா எட்டிப் பார்த்து, அந்த மரத்தைப் பற்றி அவர் ஏன் விசாரித்தார் என்று கேட்டார். சூசைதாசனிடம் பதில் முழுவதும், ஒழுங்காக, முதலிலிருந்து கடைசி வரை இருந்தது. ஒன்றுமில்லை சிஞ்ஞோரா என்று சொல்லிவிட்டு, கதிரையில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார்.